கொலை வழக்குக் கோப்பில் ஓட்டை எங்கே விழுகிறது: விசாரணை அதிகாரியாக வருகிறவர்களுக்கு

தமிழ்நாடு காவல்துறையில் குற்ற விசாரணைதான் என் வேலை என்று தீர்மானித்து வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளைப் பிடிப்பது அந்த வேலையில் பாதிகூட இல்லை. வெட்டியது யார் என்பது பல கொலைகளில் விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அப்படியிருந்தும் செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கு தோற்கிறது. புகார் வாங்கிய நேரம், எப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட்டுக்குப் போன நேரம், சாட்சிகள் முன் எழுதும் பதிவான மகசரின் நேரம், கைது நேரம் ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாததே பெரும்பாலும் காரணம். எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் புத்திசாலித்தனத்தோடு மோத மாட்டார், உங்கள் கடிகாரத்தோடுதான் மோதுவார்.

எந்த வாசல் வழியாக வருவது

வாசல் மூன்று. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வு முதலாவது. பட்டம் வேண்டும். வயது 20 முதல் 30, வகுப்புவாரியாகத் தளர்வு உண்டு. உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 159. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167, 157. துறையிலேயே இருக்கும் காவலர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு 1500 மீட்டர் ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் கோட்டை விடுகிறவர்கள் ஒவ்வொரு தேர்விலும் உண்டு. அறிவிப்பு வந்த பிறகு ஓட ஆரம்பித்தால் காலம் போதாது.

இரண்டாவது, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 வழியாக நேரடி டி.எஸ்.பி. மூன்றாவது, யு.பி.எஸ்.சி. வழியாக ஐ.பி.எஸ். அதற்கு உயரம் ஆண்களுக்கு 165, பெண்களுக்கு 150 செ.மீ. பயிற்சி முறையே வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில் உள்ள மாநிலக் காவலர் அகாடமியிலும், ஹைதராபாத்தில் உள்ள தேசிய அகாடமியிலும்.

பதவி பெரிதென்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐ.பி.எஸ். அதிகாரி உட்கோட்டத்தில் ஏ.எஸ்.பி.யாகத் தொடங்கி சீக்கிரமே எஸ்.பி. ஆகிவிடுவார். கையால் சி.டி., அதாவது வழக்கு நாட்குறிப்பு எழுதி, சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கும் வாய்ப்பு அவருக்கு மிகக் குறைவு. அவர் வேலை மேற்பார்வை. கொலை வழக்கின் விசாரணை அதிகாரி இங்கே இன்ஸ்பெக்டர்தான். அந்த வேலைதான் வேண்டும் என்றால் எஸ்.ஐ. வாசல் சரியானது. எஸ்.ஐ.யாக வந்து டி.எஸ்.பி. ஆகி, அந்தப் பதவியில் எட்டு ஆண்டு முடித்தபின் பதவி உயர்வில் ஐ.பி.எஸ். தகுதிக்குள் வருகிறவர்களும் உண்டு. அதற்கு இளம் வயதிலேயே எஸ்.ஐ. ஆகியிருக்க வேண்டும்.

நகரத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். சென்னை போன்ற மாநகரங்களில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் என்று இருப்பார்கள். 'கிரைம்' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது திருட்டு, வழிப்பறி போன்ற சொத்துக் குற்றங்களைப் பார்க்கிறது. கொலை வழக்கு சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர் தலையில்தான் விழும், பந்தோபஸ்துக்கு நடுவிலே.

முதல் சில ஆண்டுகள்: ரைட்டர் பக்கத்தில் உட்காருங்கள்

புதிய எஸ்.ஐ.க்கள் ரோந்துக்குக் காட்டும் ஆர்வத்தை, ஸ்டேஷன் ஆவணங்களை எழுதும் ரைட்டரிடம் காட்டுவதில்லை. ஆனால் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பொது நாட்குறிப்பில் எதை எப்போது பதிவது, புகாருக்கு, பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதா எப்.ஐ.ஆரா, கைப்பற்றிய பொருள் படிவம் 95-இல் எப்படி கோர்ட்டுக்குப் போகிறது, மாஜிஸ்திரேட் கோர்ட்டின் பூர்வாங்கப் பதிவு எண்ணான பி.ஆர்.சி. எண், செஷன்ஸ் கோர்ட்டில் எஸ்.சி. எண்ணாக, அதாவது செஷன்ஸ் வழக்கு எண்ணாக, எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் ஒரு நல்ல ஏட்டு ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

சட்டப் பிரிவுகளைப் புதிய எண்ணில் மனப்பாடம் செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி., சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக முறையே பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. நடைமுறையில் உள்ளன. கொலைக்கு 302 போய் 103(1) வந்துவிட்டது. போலீஸ் வாக்குமூலத்துக்கு 161 போய் 180, மாஜிஸ்திரேட் வாக்குமூலத்துக்கு 164 போய் 183, ரிமாண்டுக்கு 167 போய் 187. ஸ்டேஷனில் எல்லோரும் இன்னும் '161 ஸ்டேட்மென்ட்' என்றுதான் சொல்வார்கள். பேச்சில் அது இருக்கட்டும், காகிதத்தில் வரக்கூடாது. ஆனால் 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்குத் தண்டனைப் பிரிவு பழைய ஐ.பி.சி.தான். இரண்டையும் கலந்து எழுதினால் குற்றப்பத்திரிகை திரும்பி வரும்.

கொலை வழக்கு: முதல் 24 மணி நேரம்

தகவல் போனில் வரும். முதலில் பொது நாட்குறிப்பில் பதிவு, பிறகு புறப்பாடு. 'வெட்டிட்டாங்க, சீக்கிரம் வாங்க' என்ற அரைகுறைத் தகவல் எப்.ஐ.ஆர். ஆகாது. ஆனால் அதைப் பதியாமல் விட்டால், 'முதல் தகவலை மறைத்துவிட்டு யோசித்துத் தயாரித்த புகார் இது' என்று வக்கீல் சொல்ல வழி கிடைக்கும். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலில் தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்பது 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

காயம்பட்டவர் முதலில் மருத்துவமனைக்குப் போயிருந்தால், புகார் எழுதும் முன்பே விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, வாங்கிப் படியுங்கள். 'தெரிந்த நான்கு பேர் அரிவாளால் தாக்கியதாக' என்று டாக்டர் எழுதியிருப்பார். எப்.ஐ.ஆரில் ஆறு பேர் இருப்பார்கள். அல்லது டாக்டர் 'தெரியாத நபர்கள்' என்று எழுதியிருக்க, எப்.ஐ.ஆரில் அப்பா பெயரோடு எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், இருப்பார்கள். இந்த முரண்பாட்டுக்குக் காரணத்தை அன்றே அந்த டாக்டரையும், காயம்பட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரையும் விசாரித்துப் பதிய வேண்டும். இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் நின்று விளக்க முடியாது. உயிர் ஊசலாடுகிறது என்றால் மரண வாக்குமூலத்துக்கு மாஜிஸ்திரேட்டுக்கு உடனே கடிதம் கொடுங்கள். பேசும் நிலையில் இருக்கிறார் என்ற டாக்டர் சான்று அதோடு இருக்க வேண்டும்.

எப்.ஐ.ஆர். போட்டதும் அது எக்ஸ்பிரஸ் எப்.ஐ.ஆராக மாஜிஸ்திரேட் வீட்டுக்கே போக வேண்டும், நள்ளிரவானாலும். கொண்டுபோன காவலரின் பெயர், எண், புறப்பட்ட நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். மாஜிஸ்திரேட் கையொப்பமிட்ட நேரத்தைக் காவலரிடம் கேட்டு சி.டி.யில் சேருங்கள். பத்து கிலோமீட்டர் தூரத்துக்குப் பத்து மணி நேரம் ஆகியிருந்தால், அந்த இடைவெளியில் எதிரிகளின் பெயர்கள் சேர்க்கப்பட்டன என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். வண்டி பழுது, சாலை மறியல் என்று உண்மையான காரணம் இருந்தால் அதற்குப் பதிவு வேண்டும்.

சம்பவ இடத்தில் வரிசை முக்கியம். முதலில் கயிறு கட்டிக் கூட்டத்தை விலக்குங்கள். பிறகு போட்டோவும் வீடியோவும். மோப்ப நாய் வருவதாக இருந்தால் ஆட்கள் மிதிப்பதற்கு முன் வர வேண்டும். அதன்பின் கைரேகைப் பிரிவும் தடயவியல் குழுவும். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களில் தடயவியல் வல்லுநர் இடத்துக்கு வர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 176(3). இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் அதிலேயே உள்ளது. வல்லுநர் வரும்வரை நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி எதையும் தொடாமல் இருப்பதுதான். மேலதிகாரி வந்து அரிவாளைக் கையில் எடுத்துப் பார்க்க நினைத்தாலும், மரியாதையாகத் தடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பார்வை மகசரும் மாதிரி வரைபடமும் இரண்டு சாட்சிகள் முன் எழுத வேண்டும். இரவுச் சம்பவமானால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதை மறக்கவே கூடாது. தெருவிளக்குக் கம்பம், வீட்டு வாசல் பல்பு, கடையின் டியூப்லைட் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்து, உடல் கிடந்த இடத்திலிருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள். அன்றிரவு மின்சாரம் இருந்தது என்று மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் கடிதம் வாங்கி அவரையும் சாட்சியாக்குங்கள். கண்ணால் பார்த்த சாட்சி மூன்று பேர் இருந்தும் 'இருட்டில் எப்படிப் பார்த்தார்கள்' என்ற ஒரே கேள்வியில் வழக்கு படுத்துவிடலாம்.

இரத்தக்கறை படிந்த மண்ணும், அருகிலிருந்து கறை படாத சாதா மண்ணும் தனித்தனியே எடுக்க வேண்டும். சாதா மண் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாவிட்டால் ஆய்வகத்துக்குப் பாதி வேலை போய்விடும். இரத்தம் தோய்ந்த துணியை நிழலில் உலர்த்தி, காகிதத்தில் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுவிடும். ஒவ்வொரு துணிக்கும் தனி உறை. எதிரியின் சட்டையையும் இறந்தவரின் வேட்டியையும் ஒரே பையில் போட்டு வைத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இரத்தம் ஒட்டியது என்று சொல்ல வேறு ஆதாரமே வேண்டாம்.

சோதனை, கைப்பற்றுதல் எல்லாவற்றுக்கும் ஒலி-ஒளிப் பதிவு கட்டாயம், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105. தொடக்கத்திலிருந்து சாட்சிகள் கையெழுத்துப் போடும்வரை பதிவு ஓட வேண்டும். நடுவில் நிறுத்தி மீண்டும் தொடங்கினால், நின்ற நேரமும் காரணமும் மகசரில் வேண்டும்.

பிரேத விசாரணையைப் பஞ்சாயத்தார் எனப்படும் உள்ளூர்ச் சாட்சிகள் முன் நடத்தி, அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். காயங்களை எண்ணும்போது அவசரம் வேண்டாம். பிரேத விசாரணையில் ஏழு காயமும் பிரேத பரிசோதனையில் பதினொன்றும் இருந்தால் கேள்வி வரும். இறந்தவர் திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் உள்ள பெண் என்றால் கோட்டாட்சியருக்கு உடனே தகவல். சூரியன் மறைந்த பிறகும் பிரேத பரிசோதனை செய்யலாம் என்று 2021-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தாலும், கொலையும் சந்தேக மரணமும் விதிவிலக்கு. சட்டம் ஒழுங்கு நெருக்கடி இருந்தால் ஒழிய, அவற்றுக்குப் பகல் வெளிச்சம்தான். 'ராத்திரியே முடித்துக் கொடுங்க' என்று உறவினர்கள் அழுத்தினால் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியது உங்கள் வேலை.

உடல் யாருடையது என்றே தெரியாத வழக்கில் மேற்சொன்ன அனைத்துக்கும் முன் அடையாளம் வர வேண்டும். 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்கில் உடல் போட் மெயில் ரயிலில் ஒரு பெட்டிக்குள் கிடைத்தது, தலை சென்னை ராயபுரம் கடற்கரையில். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று மருத்துவர் நிறுவிய பிறகே வழக்குக்கு உருவம் வந்தது. காணாமல்போனோர் பட்டியல், பற்கள், பழைய எலும்பு முறிவு, டி.என்.ஏ. ஒப்பீட்டுக்குப் பெற்றோரின் இரத்தம் என்று இன்று வழிகள் கூடியிருக்கின்றன.

கைதும் வாக்குமூலமும்

கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுங்கள். உறவினருக்குத் தகவல் சொன்ன விவரம், மருத்துவப் பரிசோதனை, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர் ஆகிய மூன்றுக்கும் காகிதம் வேண்டும். பெண்ணைச் சூரியன் மறைந்த பின் கைது செய்ய வேண்டிய அவசியம் வந்தால் பெண் அதிகாரியும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் தேவை. முந்தின நாள் மாலையே பிடித்து வைத்துவிட்டு மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் கைது என்று எழுதும் பழைய வழக்கம் இப்போது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஸ்டேஷன் சி.சி.டி.வி., எதிரியின் போன் டவர், எதிரியின் மனைவி முதல்வரின் தனிப்பிரிவுக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஆகிய மூன்றில் ஒன்று போதும்.

அடித்துக் கேட்பதைப் பற்றிச் சுருக்கமாக. அது குற்றம். 2020 சாத்தான்குளம் காவல் மரணங்களில் விசாரித்தவர்களே எதிரிகளாகக் கூண்டில் நின்றார்கள். வேலைக்கும் அது உதவாது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. பி.எஸ்.ஏ. பிரிவு 23-இன் விதிவிலக்குப்படி, எதிரி சொன்னதால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சில் புலுக்குரி கோட்டையா வழக்கில் வகுத்த இந்த எல்லை இன்றும் நிற்கிறது. 'அரிவாளைக் கருவேல முள்ளுக்குள் மறைத்து வைத்திருக்கிறேன், அழைத்துப் போனால் எடுத்துத் தருகிறேன்' என்பது ஏற்கத்தக்க பகுதி. 'அந்த அரிவாளால் வெட்டினேன்' என்பது அல்ல.

இந்த மீட்பு எங்கே உடைகிறது என்று பாருங்கள். பொருள் எல்லோரும் நடமாடும் திறந்த வெளியில் கிடந்திருக்கும். அல்லது போலீசுக்கு முன்பே தெரிந்திருக்கும். நான்கு எதிரிகளும் ஒரே இடத்தை ஒரே வாசகத்தில் சொன்னதாக எழுதியிருக்கும். மீட்புக்குச் சாட்சியான கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ., எல்லா வழக்கிலும் அதே ஆளாக இருப்பார். அவருடைய டைரியில் அன்று அவர் தாலுகா அலுவலகக் கூட்டத்தில் இருந்ததாகப் பதிவு இருக்கும். வி.ஏ.ஓ.வை அழைக்கும் முன் அன்று அவர் எங்கே இருந்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடையாள அணிவகுப்பு தேவைப்படும் வழக்கில் கைதான நிமிடம் முதல் எதிரியின் முகம் மூடியிருக்க வேண்டும். பிரஸ் மீட்டில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, பிறகு ஜெயிலில் மாஜிஸ்திரேட் முன் அணிவகுப்பு நடத்துவது வீண் வேலை.

போனும் கேமராவும்

சி.சி.டி.வி. பதிவை முதல் நாளே எடுங்கள். கேமராப் பதிவைச் சேமிக்கும் பல டி.வி.ஆர்.கள் பதினைந்து முதல் முப்பது நாளில் பழையதை அழித்துவிடும். எடுக்கும்போது டி.வி.ஆர். காட்டும் நேரத்தையும் உங்கள் போனில் உள்ள நேரத்தையும் ஒன்றாகப் படமெடுத்து, வித்தியாசத்தை மகசரில் எழுதுங்கள். கடைக்காரரின் டி.வி.ஆர். பதினேழு நிமிடம் பின்தங்கியிருந்தால், இதை எழுதாத வழக்கில் எதிரி சம்பவத்துக்கு முன்பே தப்பி ஓடுவதுபோல் வீடியோ காட்டும்.

மின்னணுச் சான்றுக்கு பி.எஸ்.ஏ. 63(4) சான்றிதழ் வேண்டும். அது இரண்டு பகுதி. முதல் பகுதி சாதனத்தின் பொறுப்பாளர், இரண்டாவது வல்லுநர். இரண்டிலும், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பு இருக்கும், நகலெடுத்த உடனே அதைக் கணக்கிட வேண்டும். அழைப்பு விவரப் பதிவு எஸ்.பி. அலுவலகம் வழியாகத்தான் கேட்க முடியும், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நோடல் அதிகாரி தரும் சான்றிதழோடு வாங்குங்கள். டவர் இருப்பிடம் ஒரு பகுதியைத்தான் காட்டும், கதவு எண்ணைக் காட்டாது. குற்றப்பத்திரிகையில் அதற்கு மேல் அதன்மேல் பாரம் ஏற்றாதீர்கள்.

கைப்பற்றிய போன் இயங்கிக்கொண்டிருந்தால் ஃபிளைட் மோடுக்கு மாற்றிச் சீல் வையுங்கள். அணைந்திருந்தால் அணைந்தபடியே. 'சும்மா வாட்ஸ்ஆப் பார்த்தேன்' என்று யாராவது திறந்தால் பார்த்த நேரம் ஆய்வக அறிக்கையில் வரும்.

சி.டி.யும் 90-ஆவது நாளும்

வழக்கு நாட்குறிப்பு அன்றன்று எழுத வேண்டும், பக்க எண்ணோடு. வாரக் கடைசியில் சேர்த்து எழுதினால் மையும் நடையும் ஒன்றாக இருக்கும், படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். சாட்சிகளின் வாக்குமூலத்தை அவரவர் பேச்சில் எழுதுங்கள். ஐந்து பேர் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்க முடியாது. வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக்கூடாது. அவற்றை எழுதிய சூட்டோடு கோர்ட்டுக்கு அனுப்புங்கள். குற்றப்பத்திரிகையோடு மூன்று மாதம் கழித்துப் போய்ச் சேரும் வாக்குமூலம் பின்னால் எழுதப்பட்டது என்பார்கள். பத்து ஆண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களில், நீங்கள் அழைத்துப்போகும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் 183-இன் கீழ் பதிவார். சாட்சி பிறழ்வார் என்ற சந்தேகம் இருந்தால் சீக்கிரம் அழைத்துப் போங்கள்.

கொலை வழக்கில் எதிரி காவலில் இருக்கும்போது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 90 நாள் அவகாசம். ரிமாண்ட் நாளையும் சேர்த்து அதை எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பத்து ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றங்களுக்கு 60. இதைத் தவறவிட்டால் எதிரி கேட்ட மாத்திரத்தில் ஜாமீன், வழக்கு எவ்வளவு வலுவானாலும். ஆகவே எழுபதாவது நாளில் வரைவு தயாராக இருக்கட்டும், அரசு வழக்கறிஞர் பார்த்துக் குறை சொல்ல நேரம் வேண்டும். ஆய்வக அறிக்கை வரவில்லை என்று காத்திருக்காதீர்கள், கூடுதல் அறிக்கையாகப் பிறகு தாக்கல் செய்யலாம். இறந்தவர் எஸ்.சி. அல்லது எஸ்.டி., எதிரி அந்தப் பிரிவினர் அல்ல என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்று முதல் நாளே பாருங்கள். அது சேர்ந்தால் விசாரணை டி.எஸ்.பி.க்குப் போகிறது, காலம் 60 நாள். டி.எஸ்.பி.யை விசாரணை அதிகாரியாக நியமித்த ஆணையின் நகல் கோப்பில் இல்லாமல் தோற்ற வழக்குகள் உண்டு.

கண்ணால் பார்த்த சாட்சி இல்லாத வழக்கு என்றால், 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் சொன்ன ஐந்து நிபந்தனைகளை எதிரே வைத்துக்கொண்டு உங்கள் கோப்பைப் படியுங்கள். ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியே நிரூபணமாக வேண்டும், வேறு யாரும் செய்திருக்க முடியாது என்ற இடத்துக்குச் சங்கிலி அறாமல் போய்ச் சேர வேண்டும்.

மேலே போன பிறகு

டி.எஸ்.பி. ஆனதும் எழுதுவது குறையும், படிப்பது கூடும். கொடுங்குற்ற இடத்துக்கு நேரில் போக வேண்டும். போனால் விசாரணையைக் கையில் பிடுங்கிக்கொள்ளாமல், இன்ஸ்பெக்டர் எதை விட்டுவிட்டார் என்று மட்டும் பாருங்கள். சி.பி.சி.ஐ.டி., பொருளாதாரக் குற்றப்பிரிவு, 1983-இல் தொடங்கிய சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு, சைபர் குற்றப்பிரிவு ஆகியவற்றுக்கு மாறுதல் கேட்பதற்கு முன், குறைந்தது சில கொலை வழக்குகளையாவது தீர்ப்புவரை கொண்டுபோயிருங்கள். சிறப்புப் பிரிவுகளில் நேரம் கிடைக்கும், ஆனால் புதிதாக அடித்தளம் போட முடியாது. வந்து சேரும் கோப்பு பெரும்பாலும் வேறொருவர் முதல் 24 மணி நேரத்தில் எழுதியதாகத்தான் இருக்கும்.

சாட்சிக் கூண்டுக்கு முன்னால் கோப்பை முழுதாகப் படியுங்கள். கூண்டில் நின்று சி.டி.யைப் புரட்டி நினைவு படுத்திக்கொண்டால், அந்தப் பகுதியைப் பார்க்கும் உரிமை எதிர்த்தரப்புக்கு வந்துவிடும். தெரியாததற்கு 'ஞாபகம் இல்லை' என்றே சொல்லுங்கள். மாறுதலாகிப் போகும்போது ஸ்டேஷன் குற்ற எண், பி.ஆர்.சி. எண், எஸ்.சி. எண், முக்கியச் சாட்சிகளின் பட்டியல் ஆகியவற்றை உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி எடுத்துப் போங்கள். ஓய்வு பெற்ற பிறகும் சம்மன் வரும். அப்போது அந்த ஸ்டேஷனில் உங்களை அறிந்த ரைட்டர் இருக்க மாட்டார்.